எதிர்த்துப் பேசாதே என்றவர்களுக்கு வந்த பதில்

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, இருக்கை கிடைக்காமல் பின்சுவரில் சாய்ந்து நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘தொடக்ககால ராக் அண்ட் ரோல் பாடல்களில் மேலோங்கி நிற்பது கொண்டாட்டமா, இளைஞர்களின் ஆற்றாமையும் எதிர்ப்புமா?’ இதுதான் இன்றைய தலைப்பு. 1950களில் அமெரிக்க இளைஞர்களை ஆட்டிவைத்த இசை அது. கொண்டாட்டமே என்று எதிரணித் தலைவர் பேசி அமர்ந்திருக்கிறார். அவர் எடுத்த முதல் ஆயுதம் பில் ஹேலி பாடிய ‘ராக் அரவுண்ட் த கிளாக்’. “அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது? ஒரு மணிக்கு ஆடுவோம், இரண்டு மணிக்கு ஆடுவோம், விடிய விடிய ஆடுவோம் என்பதைத் தவிர ஒரு வரி காட்டுங்கள்” என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார்.

வரிகளை மட்டும் படித்தால் ஐயா சொல்வது சரி. ஆனால் அந்த இசைத்தட்டின் கதையில் பாதியோடு அவர் நிறுத்திக்கொண்டார். மீதியை நான் சொல்கிறேன். 1954 ஏப்ரலில் நியூயார்க்கில் பதிவு செய்த பாட்டு அது. இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டு வெளியிட்டார்கள். பெரிய வரவேற்பு இல்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ என்ற படம் வந்தது. ஆசிரியருக்கு அடங்காத மாணவர்கள் நிறைந்த நகரத்துப் பள்ளி ஒன்றின் கதை. படம் தொடங்கும்போதே இந்தப் பாட்டு அதிரும்படி வைத்தார்கள். அதே குரல், அதே வரி, அதே கிட்டார்தான். 1955 ஜூலையில் அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போன பாட்டு எட்டு வாரம் இறங்கவில்லை. அந்தப் படத்தை வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டவிடாமல் தடுக்க இத்தாலிக்கான அமெரிக்கத் தூதரே தலையிட்டார். 

நடுவர் அவர்களே, ஆட்டத்துக்காகத்தான் அந்தப் பாட்டு என்றால் 1954லேயே ஆடித் தீர்த்திருப்பார்களே! வகுப்பறையோடு சேர்த்துக் கேட்டபோதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு அது தங்கள் பாட்டு என்று பட்டது. 

அந்தப் பிள்ளைகள் இருந்த நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு, கார், தொலைக்காட்சி எல்லாம் வந்துவிட்டது. கோடை விடுமுறையில் வேலைக்குப் போவதால் கையில் கொஞ்சம் காசும் இருக்கிறது. பதினெட்டரை வயதானால் அரசாங்கம் படைக்கு அழைக்கலாம். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் 21 வயதுக்கு முன் ஓட்டு கிடையாது. சாகிற வயது வந்துவிட்டது, பேசுகிற வயது வரவில்லை. வீட்டுக் கூடத்தில் இருக்கும் வானொலிப் பெட்டியோ அப்பாவுடையது. அதில் அவருக்குப் பிடித்ததுதான் பாடும். அந்த நேரத்தில்தான், 1954 இறுதியில், சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது. முதலில் வந்த ரீஜென்சி ரேடியோவின் விலை ஏறக்குறைய 50 டாலர். பிறகு மலிந்தது. ஏழு அங்குல அகலத்தில், நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்ன இசைத்தட்டு 1949லேயே வந்துவிட்டது. தன் அறையில், தன் காசில், யாரையும் கேட்காமல் பாட்டுக் கேட்க ஒரு வழி பிறந்தது. அந்த வழியாக வந்த பாட்டு என்ன பேசியது என்பதுதான் நம் வழக்கு.

நான் அழைக்கும் முதல் சாட்சி ‘யாக்கட்டி யாக்’. 1958இல் கோஸ்டர்ஸ் என்ற கறுப்பினக் குழு பாடி, அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. எழுதியவர்கள் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற இரட்டையர். இந்தப் பாட்டை எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்போம். எதிரணியிலும் இதை நகைச்சுவைப் பாட்டு என்றார்கள். நகைச்சுவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கட்டமைப்பைப் பாருங்கள். பாட்டு முழுக்கப் பேசுவது யார்? பெற்றோர்! “குப்பையக் கொண்டுபோய்க் கொட்டு, இல்லன்னா கைச்செலவுக்குக் காசு கிடையாது. அடுப்பங்கரையத் துடை, இல்லன்னா இனிமே ராக் அண்ட் ரோல் கிடையாது. அழுக்குத் துணிய எடுத்துட்டுப் போ. வெளிய நிக்கிறானே உன் ரவுடி சிநேகிதன், அவன்கிட்ட இப்ப ஊர் சுத்த நேரமில்லன்னு சொல்லு. என்ன முறைக்கிற?” இப்படி ஒரு கட்டளை முடிவதற்குள் அடுத்த கட்டளை. 

பையனுக்குப் பாட்டில் கிடைத்த இடம் எவ்வளவு தெரியுமா? இரண்டே இரண்டு வார்த்தை. ‘யாக்கட்டி யாக்’. சளசள என்று பேசுகிறீர்களே என்பதற்கு மேல் அதில் பொருள் கிடையாது. அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அடிக்குரலில் ஒரு அதட்டல் விழுகிறது: “எதிர்த்துப் பேசாதே!” 

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பையன் பேசவில்லை. கிங் கர்ட்டிஸ் என்ற கலைஞர் ஊதும் சாக்ஸஃபோன் பேசுகிறது. திக்கித் திக்கி, துள்ளித் துள்ளி, வாயாடிப் பையன் எதிர்த்துப் பேசுவதைப் போலவே அந்தக் கருவி பேசுகிறது. வாயைக் கட்டிவிட்டீர்கள், அதனால் சாக்ஸஃபோன் வாய் திறந்தது. இதைக் கேட்டு ஒரு தலைமுறையே சிரித்தது என்றால், அந்த அதட்டலை ஒரு தலைமுறையே தன் வீட்டில் கேட்டிருந்தது என்று அர்த்தம். 

இது நான் வலிந்து சொல்லும் விளக்கம் என்று எதிரணி நினைக்கலாம். அப்படியானால் கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டையே கேட்போம். 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் அவர் பதிவு செய்த ‘டூட்டி ஃப்ரூட்டி’, ‘வாப் பாப் அலூ பாப்’ என்று பொருளே இல்லாத ஒரு முழக்கத்தோடு தொடங்கும். “இதில் என்ன எதிர்ப்பு, வெறும் குதூகலம்தானே” என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னார். அந்த முழக்கம் எங்கே பிறந்தது என்று லிட்டில் ரிச்சர்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜார்ஜியா மாநிலம் மேக்கன் நகரத்துப் பேருந்து நிலையத்தில் அவர் பாத்திரம் கழுவும் வேலை பார்த்தார். கழுவக் கழுவ முதலாளி இன்னும் பாத்திரம் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருப்பார். அவரை எதிர்த்துப் பேச முடியாது. நிறவெறிச் சட்டங்கள் ஆண்டுகொண்டிருந்த ஜார்ஜியாவில் ஒரு கறுப்பின இளைஞன் முதலாளியிடம் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அந்தப் பாத்திரங்களைப் பார்த்து இப்படிக் கத்தினாராம்: வாப் பாப் அலூ பாப்! 

நடுவர் அவர்களே, இதைவிட வேறென்ன வாக்குமூலம் வேண்டும்? சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாதவன் தொண்டையிலிருந்து வந்த ஒலி அது. அந்தப் பாட்டின் பழைய வரிகள் ஆபாசமாக இருக்கின்றன என்று ஒலிப்பதிவுக்கூடத்திலேயே மாற்றி எழுதினார்கள். அந்த முழக்கத்தை மட்டும் யாரும் நீக்கவில்லை. பிறகு பேட் பூன் என்ற வெள்ளைக்காரப் பாடகர் அதே பாட்டைப் பதவிசாகப் பாடினார். விற்பனைப் பட்டியலில் அவருடைய தட்டுத்தான் மேலே போனது. வரிகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் பேட் பூனின் தட்டைக் கேட்டுவிட்டு லிட்டில் ரிச்சர்டின் தட்டைக் கேளுங்கள். முன்னதில் நல்ல பிள்ளை ஒருவர் பாடுகிறார். பின்னதில் ஒருவர் விடுதலை ஆகிறார். 

ஒலியே எதிர்ப்பாக முடியுமா என்று இன்னும் சந்தேகம் இருந்தால் லிங்க் ரே வாசித்த ‘ரம்பிள்’ இருக்கிறது. 1958இல் வந்தது. ஒலிபெருக்கியின் கூம்பில் பென்சிலால் ஓட்டை போட்டு, கிட்டாரின் ஓசையைக் கரகரக்கவைத்தார். வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. அப்படியும் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. தெருச் சண்டைக்குத் தூண்டுகிறதாம்! பாட்டு வரியே இல்லாத ஒரு தட்டைத் தடை செய்தார்கள் என்றால், அந்த ஓசைக்குள் என்ன இருக்கிறது என்பது தடை செய்தவர்களுக்குப் புரிந்திருக்கிறது. எதிரணிக்குத்தான் இன்னும் புரியவில்லை.

அடுத்து வயதுக் கணக்கு. “பள்ளிப் பிள்ளைகளின் வேதனை என்கிறீர்களே, ‘ஸ்கூல் டே’ பாடிய சக் பெர்ரிக்கு அப்போது 30 வயது. முப்பது வயது ஆள் பள்ளி வேதனையைப் பாடுவது வியாபாரம் இல்லாமல் வேறென்ன?” என்று எதிரணியில் கேட்டார்கள். வியாபாரம் இல்லவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சக் பெர்ரியின் முதல் தட்டு ‘மேபலின்’ 1955இல் வந்தபோது, அதை எழுதியதில் எந்தப் பங்கும் இல்லாத வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடின் பெயரையும் எழுதியவர் பட்டியலில் சேர்த்தார்கள். அவர் அதை ஒலிபரப்ப வேண்டும் என்பதற்காக! அப்படிப்பட்ட சந்தைதான் அது. 

ஆனால் அந்த முப்பது வயது மனிதரின் இளமை எங்கே போனது என்று எதிரணி விசாரித்ததா? செயின்ட் லூயிஸ் நகரத்துப் பையன் சக் பெர்ரி. பள்ளி முடிக்கும் முன்பே சிநேகிதர்களோடு கொள்ளைக் குற்றத்தில் சிக்கி, 1944இல் மிசௌரியின் சீர்திருத்தச் சிறைக்குப் போனார். விடுதலையானது 1947இல், தன்னுடைய 21ஆவது பிறந்தநாளில். குற்றம் குற்றம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் காதலித்த, ஊர் சுற்றிய, ஆடிய அந்த வயதில் அவர் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடித்தால் படுத்தவர். பிறகு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், முடி திருத்தக் கற்றுக்கொண்டார். இப்போது ‘ஸ்கூல் டே’ பாட்டைக் கேளுங்கள். காலையில் எழுந்து பள்ளிக்கு ஓடு, பாடத்தைப் படி, பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் உன்னை நிம்மதியாக விட மாட்டான், மணி அடித்ததும் சாப்பாட்டு வரிசை, சாப்பிட நேரம் இல்லை, மறுபடியும் வகுப்பு, மறுபடியும் ஆசிரியரின் முகம். மூன்று மணிக்குத்தான் விடுதலை. தெருமுனைக் கடைக்குப் போய், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியில் காசைப் போட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சே வருகிறது. கடைசியில், பழைய காலத்திலிருந்து எங்களை மீட்டுக் கொடு என்று ராக் அண்ட் ரோலிடமே வேண்டுகிறான். மணிக்கு அடங்கி வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் எழுதிய பாட்டு இது. வயது முப்பதானால் அந்த நினைவு அழிந்துவிடுமா?

பாடியவர்கள் எல்லாரும் முப்பது வயதுக்காரர்களும் அல்ல. ‘ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’ வெளிவந்தபோது ஃபிராங்கி லைமனுக்கு 13 வயது. அதே சிறுவன் அடுத்துப் பாடிய ஒரு பாட்டின் பொருள், ‘நான் கெட்டுப்போன பிள்ளை இல்லை’ என்பது. அது எதிர்ப்பே இல்லை, நல்லொழுக்கப் பாட்டு என்று எதிரணி சொல்லும். அமெரிக்க செனட் சபை ஒரு தனிக்குழு போட்டு இளைஞர்கள் ஏன் கெட்டுப்போகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. பதினான்கு வயதுப் பையன் மேடையேறி நான் கெட்டவன் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது என்றால், அந்தப் பையன்களை ஊர் எந்தக் கண்ணால் பார்த்திருக்கும்? 1957இல் ஆலன் ஃப்ரீடின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்த லைமன் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியோடு ஆடினான். தென்மாநிலங்களில் கொந்தளிப்பு எழுந்தது. நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். எதிரணி கொண்டாட்டம் கொண்டாட்டம் என்கிறதே, அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் கலந்துகொண்டதற்கு விலை இது.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பைப் பேச முடியாது. 1956இல் அலபாமாவில் வெள்ளையர் அமைப்பு ஒன்று ராக் அண்ட் ரோலைக் கறுப்பர்களின் இசை என்று சொல்லி, அதை ஒழிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தது. அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் பர்மிங்ஹாம் நகரில் நாட் கிங் கோலை மேடையிலேயே தாக்கினார்கள். அவர் ராக் அண்ட் ரோல் பாடகர்கூட இல்லை, மென்மையான காதல் பாட்டுப் பாடுபவர். சக் பெர்ரி ‘ஜானி பி. கூட்’ எழுதியபோது, நாயகனைக் கறுப்பினப் பையன் என்றுதான் முதலில் நினைத்திருந்தார். வானொலியில் வராது என்று ‘நாட்டுப்புறத்துப் பையன்’ என்று மாற்றினார். இதையும் அவரே சொல்லியிருக்கிறார். ஆற்றாமை எங்கே என்று வரிகளுக்குள் மட்டும் தேடுகிறீர்கள். எழுத முடியாமல் போன வரிகளிலும் அது இருக்கிறது. 

எதிரணிச் சகோதரி பெண் பிள்ளைகளின் குரல் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி, குறைவுதான். காருக்கும் காசுக்கும் பையன்கள் புலம்பினார்கள். பெண் பிள்ளைக்குப் புலம்பவும் மேடை கிடைக்கவில்லை. பாட வந்த வாண்டா ஜாக்சன், நாட்டுப்புற இசையின் தலைமேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் தோள் தெரியும் உடையோடு ஏறக் கூடாது என்று தடுக்கப்பட்டார். மேல்சட்டை போட்டுக்கொண்டு பாட வேண்டியதாயிற்று. சக் பெர்ரியின் ‘ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்’ பாட்டில் வரும் பதினாறு வயதுப் பெண், இரவில் உதட்டுச்சாயமும் குதிகால் செருப்புமாகப் பெரிய மனுஷி. அந்த ஒரு இரவுக்காக அம்மாவிடமும் அப்பாவிடமும் கெஞ்சுகிறாள். விடிந்தால் மறுபடியும் வகுப்பறைக் குழந்தை. எவர்லி சகோதரர்கள் பாடிய ‘வேக் அப் லிட்டில் சூசி’யில் படம் பார்க்கப் போன இருவர் தூங்கிவிடுகிறார்கள். விழித்தால் விடிகாலை நான்கு மணி. தப்பு எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஊர் நம்பாது, பேர் கெட்டுவிட்டது என்று நடுங்குகிறார்கள். அந்தப் பாட்டையும் பாஸ்டனில் தடுத்தார்கள். பாட்டில் வரும் ஊரைப் போலவே பாட்டைக் கேட்ட ஊரும் நடந்துகொண்டது. 

நடுவர் முதல் மணி அடித்துவிட்டார். எதிரணியின் வலுவான வாதத்துக்கு வந்துவிடுகிறேன். “இவையெல்லாம் சில்லறைக் குறைகள். கார் தரவில்லை, காசு தரவில்லை, சிநேகிதியைப் பார்க்க விடவில்லை. எதிர்ப்புப் பாட்டு என்றால் 1960களில் வந்ததே, போரை எதிர்த்து, நிறவெறியை எதிர்த்து, அதுதான் எதிர்ப்பு” என்றார்கள். 

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பதினேழு வயதில் சனிக்கிழமை மாலை ஒன்று பறிபோவது சின்ன விஷயமா? அதிகாரம் என்றால் என்னவென்று ஒரு மனிதன் முதன்முதலில் தெரிந்துகொள்வது வீட்டில், வகுப்பறையில், முதல் வேலையில்தான். அதைப் பாடியவர் எடி காக்ரன். ‘சம்மர்டைம் ப்ளூஸ்’, 1958. ஜெர்ரி கேப்ஹார்ட்டோடு சேர்ந்து அவர் எழுதிய பாட்டு. அப்போது அவருக்கு 19 வயது. எதிரணியின் வயதுக் கணக்குக்கு இதுவும் பதில். 

முதல் சரணத்தில் முதலாளி வருகிறார். சிநேகிதியைப் பார்க்கப் போக வேண்டும் என்கிறான் பையன். முடியாது, இன்றைக்கு நேரம் கழித்துத்தான் போக வேண்டும் என்கிறார். இரண்டாவதில் பெற்றோர். ஞாயிற்றுக்கிழமை கார் வேண்டுமென்றால் சம்பாதிக்கணும் என்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று வேலைக்குப் போகாமல் இருக்கிறான். வேலைக்குப் போகாதவனுக்குக் கார் கிடையாது! வேலைக்குப் போனால் நேரம் இல்லை, போகாவிட்டால் கார் இல்லை. மூன்றாவது சரணத்தில் அவன் ஐக்கிய நாடுகள் சபைக்கே முறையிடப் போவதாகச் சொல்லி, தன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைக் கூப்பிடுகிறான். அவர் சொல்லும் பதில் இது: “தம்பி, உதவி செய்ய எனக்கு ஆசைதான். ஆனா உனக்கு ஓட்டுப் போடுற வயசு ஆகலையே.” 

முதலாளி, தகப்பன், அரசாங்கம் என்று ஏறிப் போகிறது பாருங்கள்! மூன்று பேரின் குரலையும் அடித்தொண்டையில் காக்ரனே பேசுகிறார். மூன்று பேருக்கும் ஒரே குரல். கார் கேட்ட பையன் இரண்டு நிமிடத்துக்குள் ஓட்டுரிமை வரைக்கும் வந்து நிற்கிறான். இதுவா சில்லறைக் குறை?

இது பாட்டுக்காகக் கட்டிய கற்பனையும் இல்லை. 1954 ஜனவரியில் அதிபர் ஐசன்ஹோவரே நாடாளுமன்றத்தில் பேசினார். போர் என்றால் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம், அவர்களுக்கு ஓட்டும் கொடுக்க வேண்டும் என்றார். அந்த ஆண்டே செனட் சபையில் அது தோற்றுப்போனது. நான்கு ஆண்டு கழித்து, வயது போதாது என்ற அதே பதிலை ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாயில் வைத்துப் பாடினார் காக்ரன். அவர் 1960 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஒரு கார் விபத்தில் இறந்தார். வயது 21. அந்த நவம்பரில் அதிபர் தேர்தல். வயது வந்தும் ஓட்டுப் போட அவர் இல்லை.

1960களின் எதிர்ப்புப் பாட்டு வானத்திலிருந்து விழவில்லை. அதைப் பாடியவர்களும் கேட்டவர்களும் இந்தத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். வியட்நாம் போருக்குப் போன பிள்ளைகளின் பெயரால் அமெரிக்கா தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஓட்டு வயதை 18 ஆக்கியது 1971இல். சட்டத்தை மாற்றியது ஒரு பாட்டு என்று நான் சொல்லவில்லை. அந்தச் சட்டம் தீர்த்துவைத்த குறையை, அது தீருவதற்கு 13 ஆண்டு முன்பே, ஓட்டுப் போட முடியாத ஒருவர் சிரித்துக்கொண்டே பாடி வைத்துவிட்டார் என்று சொல்கிறேன். அந்தச் சிரிப்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு எதிரணி கொண்டாட்டம் என்கிறது. நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுவதற்கு முன்பு ‘சம்மர்டைம் ப்ளூஸ்’ பாட்டின் மூன்றாவது சரணத்தை மட்டும் ஒரு முறை கேட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.